உஷஸ்தி உண்ட பயறும் பருகாத தண்ணீரும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

 

 உத்ஸவ நாட்களில் திருமஞ்சனத்துக்கும் தளிகைக்கும் இடையே கிடைக்கும் சிறு பொழுதில், பிரஸாதத்துக்காக நிற்பவர்கள் அடியேனிடம் தங்கள் ஸந்தேகங்களைக் கேட்பது வழக்கம். முன்பெல்லாம் ஏகாதசி நிர்ணயமும் விவாஹ முஹூர்த்தமும் கேட்டார்கள். இப்பொழுது பலர் கேட்பது வேறு கேள்வி: "ஸ்வாமி! பிள்ளை அயல்நாட்டுக்குப் போகிறான். பெண்ணுக்குப் பிரஸவம் பார்க்க நாங்களும் போகவேண்டியிருக்கிறது. அங்கே எதை உண்பது? எப்படி இருப்பது?"

அருகில் நிற்கும் ஒருவர் உடனே, "பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுமுறி நமக்கு என்று பெரியோர் சொல்லவில்லையா? போன இடத்துக்குத் தக்கபடி இருந்துவிட்டு வரவேண்டியதுதான்" என்பார். இன்னொருவர், "உயிரே போனாலும் நியமம் போகக்கூடாது" என்பார். இவ்விருவருக்கும் நடுவே நின்று திகைக்கும் தாய்தந்தையருக்காகவே இந்த விண்ணப்பம். அடியேனும் ஒருநாள் அப்படித் திகைத்து நின்றவன்தான்.

முதலில் எம்பெருமான் திருவுள்ளத்தைப் பார்ப்போம். அவன் எல்லாத் திருத்தலங்களிலும் ஒரே தளிகையைத்தான் அமுது செய்கிறானா? காஞ்சியில் வரதனுக்கு மிளகும் சுக்கும் சேர்ந்த கோயில் இட்டலி. திருமாலிருஞ்சோலையில் அழகருக்குத் தோசை. திருவேங்கடத்தில் லட்டு. மேல்கோட்டையில் புளியோதரை. ஒப்பிலியப்பன் ஸந்நிதியிலோ உப்பேயில்லாத அமுது! திருவரங்கத்தில் துலுக்க நாச்சியார் பொருட்டு நம்பெருமாள் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்தருளுகிறார். டில்லிக்கு எழுந்தருளித் திரும்பிய பெருமாள் என்று கோயில் வரலாறு கூறும் அந்தப் பெருமாள், தம்மிடம் அன்பு வைத்த வேற்று நாட்டவளின் உணவையும் வழக்கத்தையும் தம் திருக்கோயிலுக்குள்ளேயே ஏற்றுக்கொண்டார். ஆகையால், வேற்று ஊர் உணவு என்பதனாலேயே அது இழிந்தது என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை.

ஆனால் இதைக் கொண்டு எதையும் எங்கும் உண்ணலாம் என்று தீர்மானிப்பதும் பிழை. காஞ்சியில் இட்டலியும் அரங்கத்தில் ரொட்டியும் வேறுவேறாயினும், அவற்றைச் செய்யும் தூய்மையும் ஸமர்ப்பிக்கும் பாவமும் வேறல்ல. ஆகாரம் சுத்தமானால் அந்த:கரணம் சுத்தமாகும். அந்த:கரணம் சுத்தமானால் பகவத் ஸ்ம்ருதி நிலைக்கும் என்பது சாந்தோக்ய உபநிஷத்தின் உபதேசம். இதை அடியொற்றியே பாஷ்யகாரர் ஸ்ரீபாஷ்யத்தில் பக்திக்கு அங்கமான ஏழு ஸாதனங்களை எடுத்துக்காட்டும்போது விவேகத்தை முதலில் வைத்தார். அங்கே விவேகம் என்பது உணவைப் பகுத்தறிந்து கொள்வதே. பதார்த்தத்தின் இயல்பால் வரும் தோஷம், அதை வைத்திருப்பவரைச் சார்ந்து வரும் தோஷம், மயிர், எச்சில் முதலியவை படுவதால் வரும் தோஷம் என்று மூன்றையும் விலக்கச் சொன்னார். ஸ்வாமி தேசிகனோ, ஸம்ஸ்கிருதம் அறியாதவரும் அறிந்து கைக்கொள்ளவேண்டும் என்ற கிருபையால், 21 பாசுரங்களில் ஆகார நியமத்தைத் தமிழிலேயே அருளிச்செய்தார். பெரியோர் இவ்வளவு கவலை கொண்ட விஷயத்தை நாக்கின் விருப்பத்துக்கு விட்டுவிட முடியுமா?

இதையெல்லாம் பாடசாலையில் பயின்று, பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தவன் அடியேன். ஆகையால், 2018-ம் ஆண்டில் குமாரன் மேற்படிப்புக்காக ஜெர்மனி தேசத்து மியூனிக் நகருக்குப் புறப்பட்டபோது, அவனிடம் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: "நீ சமைத்ததைத் தவிர வேறெதையும் தொடாதே. பிறர் கையால் தண்ணீர்கூட வாங்காதே." அவன் தலையசைத்தான். பிள்ளை நம் பேச்சைக் கேட்கிறானே என்று அடியேனுக்குப் பெருமை.

அவன் தங்கிய விடுதியில் பத்துப் பேருக்கு ஒரே சமையலறை. மற்றவர்கள் மாமிசம் சமைத்துச் சென்றபின், நடுநிசியில் அடுப்பைத் துடைத்து, தன் சிறு பாத்திரத்தில் சாதம் வடித்துக்கொள்வான். முதல் குளிர்காலத்தில் கடும் ஜுரம் வந்து படுத்தான். எழுந்து சமைக்கச் சக்தியில்லை. நான்கு நாட்கள் தண்ணீரைத் தவிர வேறொன்றும் உள்ளே போகவில்லை. பக்கத்து வீட்டிலிருந்த ஒரு மூதாட்டி, வழக்கமாகக் காணும் பையனைக் காணோமே என்று விசாரித்து வந்தார். தம் வீட்டுக்குப் போய், உருளைக்கிழங்கை உப்பிட்டுத் தோலோடு வேகவைத்து, இரண்டு ஆப்பிளும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தார். இவன் வேண்டாம் என்று கையசைத்தான். அந்த அம்மையாருக்குக் காரணம் புரியவில்லை. தம் கையைக் கண்டு அருவருக்கிறான் என்றே எண்ணிவிட்டார். முகம் வாடி நின்றாராம்.

அந்த நேரத்தில்தான் குமாரன் அடியேனுடன் தொலைபேசியில் பேசினான். இங்கே இரவு 9 மணி. திருக்காப்பு சேர்த்துவிட்டு அப்போதுதான் திருமாளிகைக்கு வந்திருந்தேன். அங்கே மாலை 4.30, அதற்குள்ளேயே இருட்டிவிட்டது என்றான். "அப்பா, பாட்டி நின்னுண்டிருக்கா. நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டான். குரலே எழவில்லை.

பக்தர்களே! ஒளிக்காமல் சொல்கிறேன். அடியேனுக்கு விடை வரவில்லை. எந்தக் கிரந்தத்தில் எந்த வாக்கியம் என்று மனம் தேடிக்கொண்டிருந்தது. அதற்குள் அகத்தில் இருந்தவள், "ஏன்னா, முதல்ல குழந்தையைச் சாப்பிடச் சொல்லுங்கோ, அப்புறம் சாஸ்திரம் பாருங்கோ" என்று தொலைபேசியை வாங்கி, "சாப்பிடுடா கண்ணா, அந்த மாமிக்கு அம்மா நமஸ்காரம் சொன்னேன்னு சொல்லு" என்றாள். அவன் உண்டான்.

அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. சாந்தோக்யத்தை எடுத்துப் பிரித்தேன். எத்தனையோ தரம் பாடம் சொன்ன பகுதி, அன்றுதான் அடியேனுக்காக எழுதப்பட்டது போல இருந்தது. அதன் ஸாரத்தைக் கேளுங்கள்.

குரு தேசத்தில் கல்மழை பெய்து பயிரெல்லாம் நாசமாயிற்று. பஞ்சம். சக்ரருடைய குலத்தில் தோன்றிய உஷஸ்தி என்னும் வித்வான், இளம் மனைவி ஆடிகீயுடன் நாடு விட்டுப் புறப்பட்டு, யானைக்காரர்கள் வாழும் ஒரு கிராமத்தை அடைந்தார். அங்கே ஒருவன் வேகவைத்த பயறைத் தின்றுகொண்டிருந்தான். உஷஸ்தி அவனிடம் யாசித்தார். "நான் தின்றுகொண்டிருக்கும் இதைத் தவிர என்னிடம் வேறில்லையே" என்றான் அவன். "அதிலேயே கொடு" என்றார். வாங்கி உண்டார். பிறகு அவன் தன் தண்ணீரையும் நீட்டினான். "அது எச்சில், பருகமாட்டேன்" என்றார் உஷஸ்தி. யானைக்காரனுக்கு வியப்பு. "இப்போது நீர் உண்ட பயறு மட்டும் எச்சில் இல்லையா?" என்று கேட்டான். அதற்கு உஷஸ்தி சொன்ன விடையின் பொருள் இதுதான்: பயறை உண்ணாவிட்டால் உயிர் தரித்திருக்கமாட்டேன், தண்ணீரோ எனக்கு விரும்பியபடி வேறிடத்தில் கிடைக்கும்.

மீதிப் பயறை மனைவிக்குக் கொண்டுபோனார். அவள் முன்பே பிக்ஷை பெற்று உண்டிருந்தாள். ஆயினும் அதை எறியாமல் பத்திரப்படுத்தினாள். மறுநாள் காலை அரசன் செய்யும் யாகத்துக்குப் போகப் புறப்பட்ட உஷஸ்தி அதையே உண்டு சென்றார். அங்கே ருத்விக்குகளை நோக்கி, நீங்கள் கானம் செய்யும் பகுதிகளுக்குரிய தேவதை எது என்று கேட்டு அவர்களைத் திகைக்கச் செய்தார். பின் தாமே விடையும் சொன்னார். பிராணன், ஆதித்யன், அன்னம் என்பவை அந்த மூன்று விடைகள். முதல்நாள் எச்சில் பயறை உண்டு பிழைத்தவர், மறுநாள் ராஜசபையில் அன்னத்தைத் தேவதை என்று உபதேசித்தார்!

உயிருக்கு ஆபத்து நேரும்போது எந்த அன்னத்துக்கும் அனுமதி உண்டு என்று பிரம்மஸூத்திரம் மூன்றாம் அத்தியாயம் நான்காம் பாதத்தில் நிர்ணயிக்கும்போது, இந்த உஷஸ்தியின் சரித்திரமே பிரமாணமாகக் கொள்ளப்படுகிறது. அதே அதிகரணத்திலேயே, தன் இஷ்டப்படி நடப்பதைத் தடுக்கும் வாக்கியமும் உண்டு என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறது. அடியேன் குமாரனுக்குத் தண்ணீரை மறுக்கும் பாதியைக் கற்பித்தேன். பயறை வாங்கும் பாதியைக் கற்பிக்கவில்லை. அதுவே அடியேன் செய்த அபராதம். பாம்பு தின்னும் ஊரில் நடுமுறியைக் கேட்பவரோ பயறை வாங்கும் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு தண்ணீரையும் பருகிவிடுகிறார். உஷஸ்தி ஒரே கையால் வாங்கவும் செய்தார், மறுக்கவும் செய்தார். அயல்நாடு செல்பவர் ஒவ்வொரு வேளையும் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்றே: இது பயறா, தண்ணீரா? இது இல்லாமல் தரித்திருக்க முடியாதா, அல்லது சிறிது முயன்றால் வேறு கிடைக்குமா?

இன்றைய காலத்தில் பெரும்பாலும் கிடைக்கும். சிறிது முன்யோசனைதான் வேண்டும். விமானத்தில் பயணச்சீட்டு வாங்கும்போதே உணவையும் சொல்லிவைக்கவேண்டும். புறப்படும் நாளில் சொல்லிப் பயனில்லை. அதிலும் 'ஹிந்து மீல்' என்று பெயரைப் பார்த்துக் கேட்டுவிடாதீர்கள். அதில் மாமிசம் இருக்கக்கூடும். 'ஏஷியன் வெஜிடேரியன் மீல்' என்று கேட்பதே சைவ உணவுக்கு வழி. நம் தேசத்தில் பொட்டலத்தின் மேல் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கிப் பழகியிருக்கிறோம். ஐரோப்பிய தேசங்களில் அப்படிப்பட்ட கட்டாயக் குறி இல்லை. பின்புறம் அச்சிட்டிருக்கும் பொருட்பட்டியலைப் பொறுமையாகப் படிக்கவேண்டும். ஜெலட்டின் என்று கண்டால் அது பிராணிகளின் எலும்பிலும் தோலிலும் எடுத்தது. மிட்டாயில் மட்டுமல்ல, சில தயிர்க் கிண்ணங்களிலும் அது உண்டு. சில பாலாடைக் கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையிட்டுச் செய்கிறார்கள். சில ரொட்டிகளில் பன்றிக் கொழுப்புச் சேர்வதுண்டு. அங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டை அடக்கம். 'வீகன்' என்ற குறி இருந்தால் முட்டை, பால், ஜெலட்டின் எதுவும் சேராது. ஆயினும் வெங்காயமும் பூண்டும் இருக்கலாம்.

கிழக்கே போனாலும் இதே ஜாக்கிரதை வேண்டும். தாய்லாந்தில் காய்கறி என்று சொல்லிக் கொண்டுவரும் குழம்பிலும் மீன் சாறு விடுவது வழக்கம். ஜப்பானில் சூப்புக்கு அடிப்படையான சாற்றை உலர்ந்த மீனைச் சீவிப் போட்டே பெரும்பாலும் இறக்குகிறார்கள். அருகிலுள்ள இலங்கையிலேயே சம்பலில் மாசிக் கருவாடு சேர்வதுண்டு. அவர்கள் ஏமாற்றுவதாக நினைக்காதீர்கள். நாம் பெருங்காயத்தைத் தனியாக எண்ணாதது போல, அவர்கள் அதைத் தனியாக எண்ணுவதில்லை. ஆகவே, 'நான் சைவம்' என்று சொல்வதோடு நில்லாமல், மாமிசம், மீன், முட்டை, அவற்றின் சாறு எதுவும் சேராதது வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். ஒன்றும் அமையாவிட்டால் பழமும் பாலும் எந்த நாட்டிலும் கிடைக்கும். அதையும் மானஸிகமாக எம்பெருமானுக்கு ஸமர்ப்பித்துவிட்டே உட்கொள்ளுங்கள்.

மறுக்கும் விதமும் ஒரு தர்மமே. நம் வீடுகளில் 'வேண்டாம்' என்றால் மூன்று தரம் உபசரிப்பார்கள். அங்கே ஒருதரம் மறுத்தால் அதோடு முடிந்தது; காரணம் சொல்லாவிட்டால் மனம் புண்படுவதும் உண்டு. விருந்துக்கு அழைத்தால், அழைத்த அன்றே நம் நியமத்தைப் பணிவாகத் தெரிவித்துவிடவேண்டும். உணவை மறுக்கலாம், உணவு தருபவரை மறுக்கலாகாது. குமாரன் உடம்பு தேறியபின் பழையபடி தானே சமைக்கத் தொடங்கினான். தைப் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் செய்து, பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணி, அந்த மூதாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அன்று ஏன் கையசைத்தேன் என்பதையும் விளக்கிச் சொன்னானாம். அவர் கண்கலங்கிப் பெற்றுக்கொண்டார். அதன்பின் அவனுக்கென்றே ஒரு புதுப் பாத்திரம் வாங்கி வைத்துவிட்டார்.

பழக்கவழக்கங்களிலும் இதுவே அளவுகோல். போதாயனர் தம் தர்மஸூத்திரத்தில் தென்னாட்டுக்கே உரிய வழக்கங்கள் ஐந்து, வடநாட்டுக்கே உரியவை ஐந்து என்று எடுத்துச் சொல்கிறார். தென்னாட்டு வழக்கங்களில் பழையது உண்பதும் அம்மான் மகளை மணப்பதும் அடக்கம். வடநாட்டு வழக்கங்களில் கடல் யாத்திரை அடக்கம். ஒரு திசையாரின் வழக்கத்தை மற்றத் திசையில் செய்தால் தோஷம் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. கைங்கர்யத்தில் இருக்கும் அடியேன் கடல் கடந்ததில்லை. அது ஸம்பிரதாயத்தைச் சேர்ந்த விஷயம். ஆயினும் நமக்கு மற்றவர் வினோதமாகத் தோன்றுவது போலவே, மற்றவருக்கு நாமும் வினோதமாகத் தோன்றுகிறோம் என்ற அடக்கத்தை இந்த ஸூத்திரம் நமக்குக் கற்பிக்கிறது.

குமாரன் விடியற்காலை 5 மணிக்குத் திருமணியை அடித்து உரக்கச் சேவித்தான். ஜெர்மனியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓசை செய்யலாகாது என்ற வழக்கு உண்டு. அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். "பூஜைக்கே தடையா?" என்று வருந்தினான். உரக்கச் சொல்லும் ஜபத்தைவிட உதடு மட்டும் அசையும் ஜபமும், அதைவிட மனத்தால் செய்யும் ஜபமும் உயர்ந்தவை என்றல்லவா சாஸ்திரம் கூறுகிறது? ஊர் அடக்கச் சொன்னது ஓசையைத்தான், ஜபத்தை அன்று.

ஸந்தியாவந்தனத்துக்கும் அப்படியே. மியூனிக்கில் டிசம்பர் மாதம் காலை 8 மணியளவில் உதயம், மாலை 4.30-க்குள் அஸ்தமனம். ஜூன் மாதத்திலோ இரவு 9 மணிக்கு மேல்தான் அஸ்தமனம். கடிகாரத்தைப் பார்த்து 6 மணிக்கு அர்க்கியம் விட்டால் ஸூரியனுக்கும் நமக்கும் என்ன ஸம்பந்தம்? எந்த தேசத்தில் நிற்கிறோமோ அந்த தேசத்து ஸூரியனே பிரமாணம். குளிர் தேசத்தில் வெந்நீரில் ஸ்நானம் செய்ய அஞ்சவேண்டாம். பதரியில் தப்த குண்டத்து வெந்நீரில் நீராடித்தானே நாராயணனை ஸேவிக்கிறோம்? அங்கே ஆராதனம் செய்யும் ராவல், கேரள தேசத்து நம்பூதிரி. தென்கோடியின் வெப்பத்தில் பிறந்தவர் பனிமலையில் கம்பளி உடுத்துக் கைங்கர்யம் செய்கிறார். உடை தேசத்துக்கு உரியது. கைங்கர்யம் எம்பெருமானுக்கு உரியது.

நிறைவாக, நம் உடையவரையே நினைப்போம். சோழனால் நேர்ந்த ஆபத்தின்போது அவர் காஷாயத்தை விட்டு வெள்ளை உடுத்துத் திருவரங்கத்திலிருந்து மேனாட்டுக்கு எழுந்தருளினார் என்று குருபரம்பரை கூறுகிறது. காட்டு வழியில் பசியால் வாடிய அந்தக் கோஷ்டிக்கு வேடர்கள் தேனும் தினைமாவும் கொடுத்தார்கள். அதை உவந்து ஏற்றார்கள். பிறகு கொங்குப் பிராட்டியாரின் திருமாளிகையில் தளிகை ஸித்தமானபோதோ, உடனே இலையில் அமராமல், அந்த அம்மையாரின் நிஷ்டை எத்தகையது என்பதை உடையவர் அறியச் சொன்னார். காட்டில் தினைமாவை ஏற்றவரும் அவரே. வீட்டில் விசாரித்தவரும் அவரே. உஷஸ்தியின் பயறும் தண்ணீரும் இங்கேயும் இருப்பதைப் பாருங்கள்.

அந்த அம்மையார் வெள்ளை உடுத்து அமர்ந்திருந்த எல்லோரையும் விளக்கொளியில் பார்த்து வந்தார். காஷாயமில்லை, திரிதண்டமில்லை; எவர் ஆசார்யர் என்று முகத்தைக் கொண்டும் உடையைக் கொண்டும் தெரியவில்லை. திருவடிகளைப் பார்த்தபோது மட்டும், "இவை எம்பெருமானார் திருவடிகள் போல் இருக்கின்றனவே" என்று கண்டுகொண்டார்.

அயல்நாடு செல்லும் குழந்தைகளே! அவர்களைப் பிரிந்து இந்த ஸந்நிதியில் கைகூப்பி நிற்கும் பெற்றோர்களே! உடை மாறலாம், உண்ணும் வேளை மாறலாம், ஆபத்தில் ஒருநாள் இலையில் விழுவதும் மாறலாம். பற்றிய திருவடிகள் மாறாதிருந்தால் போதும். ஆபத்து நீங்கியவுடன் தண்ணீரை மறுத்த உஷஸ்தியைப் போல நியமத்துக்குத் திரும்பிவிடுங்கள். நடுவில் கைகொடுத்தவர் எந்த நாட்டவராயினும், எந்த மதத்தவராயினும், அவரை எம்பெருமான் அனுப்பியவராக எண்ணி வணங்குங்கள். பிள்ளைக்குப் புத்தி சொல்லும் பெற்றோர், அடியேனைப் போலப் பாதியை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

இன்று பிரஸாதம் பெறும்போது, தூர தேசத்தில் தனியே அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் நம் குழந்தைகளுக்காகவும் ஒரு கணம் பிரார்த்தியுங்கள். அவர்கள் உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் எம்பெருமான் துணையிருந்து ரக்ஷிப்பானாக.

ஸர்வம் ஸ்ரீ கிருஷ்ணார்ப்பணமஸ்து.

அடியேன், ராமாநுஜ தாஸன்,
திருக்கோயில் அர்ச்சகன்